ஏவுகணை ரெடி, லாரி எங்கே?

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். கடைசி வருடம். எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி எல்லாம் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதனால் இதை யாரும் மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மருந்தோடு சண்டை கிடையாது. அந்த மருந்தைப் பற்றி அளந்துவிடும் செய்திகளோடும், "கோடி கோடியா பணம் கொட்டுதுல்ல, எல்லாம் தானா வந்துடும்டா" என்று சொல்லும் எங்கள் வகுப்பு மார்க்கெட் பக்தர்களோடும்தான் சண்டை.

எல்லாம் ஒரு ஃபார்வர்டில் ஆரம்பித்தது. "நுரையீரல் புற்றைத் தேடிப் பிடித்து அழிக்கும் அணு ஏவுகணை!" என்று ஆச்சரியக்குறியோடு. எங்கள் செட்டில் ஒருத்தனுடைய பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்று. ஸ்மால் செல் என்கிற வகை. நாற்பது வருட பீடி. இருமலை முதலில் டி.பி. என்று நினைத்து மாத்திரை ஓடியது. நம் ஊரில் இது புதுக்கதையே இல்லை. சரியாகக் கண்டுபிடிப்பதற்குள் கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது. அவன்தான் அந்த ஃபார்வர்டை எனக்கு அனுப்பி, "மச்சான், இது எங்கடா கிடைக்கும்?" என்று கேட்டான். கூகுளில் தேடித்தருகிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, என்ன செய்ய.

தேடினேன். கிடைத்த பதில்: இந்த வகைப் புற்றுக்கு, இப்போதைக்கு, எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆராய்ச்சிச் சோதனையில் மட்டும்தான். அதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த மருந்து என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புற்றுச் செல்லின் மேல்புறத்தில் சில புரதங்கள் பூட்டு மாதிரி இருக்கும். அந்தப் பூட்டில் போய் உட்காரும் சாவி ஒன்றைச் செய்து, அதன் வாலில் ஒரு கதிரியக்க அணுவைக் கட்டி, ரத்தத்தில் ஏற்றுவார்கள். சாவி ஊர் முழுக்கச் சுற்றி பூட்டைத் தேடிப் போய் உட்காரும். அங்கே அணு வெடித்து அந்தச் செல்லின் மரபணு இழையை அறுக்கும். வாலில் கட்டுவது லுட்டீசியம்-177 என்றால் அதன் கதிர் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் போகும். ஆக்டினியம்-225 என்றால் ஆல்ஃபா துகள். சில செல் தூரம்தான் போகும், ஆனால் போகிற வழியில் இழையின் இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாக வெட்டும். ஒரு ஆக்டினியம் அணு சிதைந்து முடிவதற்குள் நான்கு ஆல்ஃபா.

அடிப்படை யோசனை புதுசு இல்லை. 1941-லேயே பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்துவிட்டார். தைராய்டு தானே அயோடினை இழுத்துக்கொள்ளும், அதனால் தனியாகச் சாவி செய்ய வேண்டியிருக்கவில்லை. மற்ற புற்றுகளுக்குச் சாவி கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடம். 2018-ல் லூட்டாதெரா (குடல், கணையத்தில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு), 2022-ல் புளூவிக்டோ (பரவிய ப்ராஸ்டேட் புற்றுக்கு) என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இரண்டுமே லுட்டீசியம், இரண்டுமே நோவார்டிஸ் கம்பெனி.

ஸ்மால் செல்லுக்கு நல்ல பூட்டு இருக்கிறதா? இருக்கிறது. டி.எல்.எல்.3 என்று பெயர். பெரும்பாலான ஸ்மால் செல் கட்டிகளில் இருக்கும், வளர்ந்த மனிதனின் ஆரோக்கியமான செல்களின் மேல் கிட்டத்தட்ட இருக்காது. இந்தப் பூட்டுக்கு ஒரு கதையே உண்டு. விஷ மருந்தைச் சாவியில் கட்டி இதே பூட்டுக்கு அனுப்பிய ஸ்டெம்சென்ட்ரிக்ஸ் என்ற கம்பெனியை 2016-ல் ஆப்வீ 580 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2019-ல் மருந்து தோற்று, ஆராய்ச்சியையே மூடினார்கள். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி நட்டக்கணக்கு. (இம்பேர்மென்ட் என்றால் என்ன என்று அக்கவுண்ட்ஸ் சார் கேட்டால் இனி இந்த உதாரணம்தான் சொல்லப்போகிறேன்.) ஆனால் பூட்டு நல்ல பூட்டுதான். டார்லாடமாப் என்ற மருந்து, நம் உடம்பின் டி-செல்லை இழுத்துவந்து இதே பூட்டின் பக்கத்தில் நிறுத்துகிறது. அதற்கு 2024 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. மறுபடி தலைதூக்கிய ஸ்மால் செல் நோயாளிகளிடம் சோதித்து 2025-ல் வெளியிட்ட முடிவில், கீமோ எடுத்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 8.3 மாதம், இது எடுத்தவர்களுக்கு 13.6 மாதம். அதில் கதிரியக்கம் கிடையாது. இப்போது அதே பூட்டுக்கு ஆக்டினியத்தைக் கட்டி அனுப்ப அப்டெரா என்ற கம்பெனி முயல்கிறது. ரேஸ்பயோ என்ற கம்பெனி வேறொரு பூட்டு வழியாக, அது இருக்கிற ஸ்மால் செல் நோயாளிகளுக்கு மட்டும், கீமோவோடு சேர்த்து ஆக்டினியம் கொடுத்துப் பார்க்கிறது. எல்லாம் ஆரம்பக் கட்டம்.

ஏவுகணை என்கிறார்களே, அதன் லட்சணம் இவ்வளவுதான். விஞ்ஞானிகளைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை, காரணமும் இல்லை. ஏவுகணை வேலை செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி அதற்கு அடுத்தது. பி.காம். பையன் கேட்கக்கூடிய கேள்வி. சரக்கை யார் தயாரிப்பது, யார் ஏற்றி இறக்குவது, யார் கல்லாவில் காசு விழுகிறது?

மார்க்கெட் பக்தர்கள் காட்டும் பட்டியல் பெரிசு. 2023 டிசம்பரில் ரேஸ்பயோவை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் 410 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. 2024-ல் ஃப்யூஷனை அஸ்ட்ராஜெனிகா 240 கோடி வரை. அதே வருடம் நோவார்டிஸ், ஸ்மால் செல்லுக்கென்றே ஆக்டினியம் மருந்து வைத்திருந்த மரியானா ஆன்காலஜியை முன்பணம் மட்டும் 100 கோடி கொடுத்து. எலை லில்லி 2023-ல் பாயிண்ட் பயோஃபார்மாவை 140 கோடிக்கு. "இவ்வளவு பேர் பணம் போடுறான்னா சும்மாவா?" என்கிறான் நண்பன். சும்மா இல்லை. ஆனால் கம்பெனியை வாங்குவதும் மருந்தைக் கொண்டுபோய் நோயாளி கையில் ஏற்றுவதும் ஒன்றா?

இன்வென்டரி மேனேஜ்மென்ட் படித்தவர்கள் இதைக் கேளுங்கள். நாம் படித்த எந்தச் சரக்கும் இந்த மாதிரி இல்லை. லுட்டீசியத்தின் பாதி ஆறரை நாளில் காணாமல் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகும், பூட்டிவைத்தாலும் போகும். புளூவிக்டோ பாட்டிலின் ஆயுள் அளவு குறித்த நேரத்திலிருந்து 120 மணி. அவ்வளவுதான். லூட்டாதெராவுக்கு 72 மணி. தக்காளிகூட இதைவிடத் தேவலை. கிடங்கில் அடுக்க முடியாது, பாதுகாப்புக் கையிருப்பு என்ற பேச்சே கிடையாது. இன்னார் பெயருக்கு, இன்ன தேதிக்கு, இன்ன மணிக்கு என்று தயாரித்து விமானத்தில் ஏற்ற வேண்டும். விமானம் ரத்தானால் சரக்கு பாழ், நோயாளிக்கு அடுத்த தேதி.

அதுதான் நடந்தது. 2022 மே மாதம் இத்தாலியிலும் நியூஜெர்சியிலும் இருந்த ஆலைகளில் தரப் பிரச்சினை என்று நோவார்டிஸ் உற்பத்தியைக் கொஞ்சநாள் நிறுத்தியது. புளூவிக்டோவுக்கு அனுமதி கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2023 ஆரம்பத்தில் தட்டுப்பாடு முற்றி, புது நோயாளிகளுக்குத் தொடங்க வேண்டாம் என்று நோவார்டிஸே சொல்லும் நிலை. பட்டியல் விலை அப்போது ஒரு ஊசிக்கு 42,500 டாலர், ஆறு ஊசி. இன்ஷூரன்ஸ் உள்ள அமெரிக்கனுக்கே மருந்து இல்லை!

நியாயமாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நோவார்டிஸ் உட்கார்ந்திருக்கவில்லை. இண்டியானாபோலிஸில் பெரிய ஆலை, 2024 ஜனவரியில் அதற்கு அனுமதி. அந்த வருடம் புளூவிக்டோ மட்டும் 139 கோடி டாலர் விற்றது. "பாத்தியா, மார்க்கெட் சரிபண்ணிடுச்சு" என்பான் நண்பன். சரி. ஆனால் ப்ராஸ்டேட் புற்றில் அந்தச் சில மாதக் காத்திருப்பைத் தாங்கிய ஆட்கள் இருந்தார்கள். தாங்காமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். பரவிய ஸ்மால் செல்லில் எத்தனை மாதம் இருக்கிறது தெரியுமா? கீமோவோடு இம்யூனோதெரபி சேர்த்துக் கொடுத்து 2019-ல் அனுமதி வாங்கிய சோதனையில் இடைநிலை ஆயுள் 12.3 மாதம். கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 10.3. கீமோவுக்குப் பிறகு நோய் திரும்பினால் கணக்கு இன்னும் சுருங்கும். இந்த நோய்க்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்ற வார்த்தையே பொருந்தாது.

இப்போது என் முக்கியமான சாட்சியைக் கூப்பிடுகிறேன். பெயர் பெக்ஸார். ஏவுகணை ஃபார்வர்டு அனுப்புகிற யாரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், நானும் போன மாதம் வரை கேள்விப்பட்டதில்லை.

பெக்ஸார் ஒரு கதிரியக்க மருந்து. லிம்ஃபோமா என்ற ரத்தப்புற்றுக்கு. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி. கீமோ மாதிரி மாதக்கணக்கில் இழுக்காது, ஒன்றிரண்டு வாரத்தில் முழுச் சிகிச்சையும் முடிந்துவிடும். மற்ற மருந்து கைவிட்ட பலருக்கும் கட்டி சுருங்கியது. பத்து வருடம் கழித்து என்ன ஆனது? 2012-ல் அதை எடுத்துக்கொண்டவர்கள் மொத்தம் 75 பேர்கூட இல்லை. கிளாக்ஸோ கம்பெனி 2014 பிப்ரவரியில் கடையைச் சாத்தியது.

ஏன்? மருத்துவக் காரணமும் உண்டு, மறைக்க மாட்டேன். ரிட்டுக்ஸிமாப் என்ற சாதா ஊசியோடு ஒப்பிட்ட சோதனையில் ஆரம்ப முடிவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இன்னொரு காரணம் நம்ம சப்ஜெக்ட். அமெரிக்காவில் புற்றுநோய் டாக்டர் மருந்தைத் தானே வாங்கி, தன் கிளினிக்கிலேயே ஏற்றலாம். அப்படி ஏற்றினால் மூத்த குடிமக்களுக்கான அரசு காப்பீடான மெடிகேர், சராசரி விற்பனை விலைக்கு மேல் 6 சதவீதம் சேர்த்துத் தரும் (2005-லிருந்து இந்த முறை). ரிட்டுக்ஸிமாப் அப்படி ஏற்றலாம். பெக்ஸார் முடியாது. கதிரியக்கத்துக்கு லைசென்ஸ் உள்ள நியூக்ளியர் மெடிசின் பிரிவுக்கு நோயாளியை அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த டாக்டர் கல்லாவில் ஒன்றும் விழாது, நோயாளியும் கைமாறிப் போய்விடுவார். எல்லா டாக்டரும் அப்படிக் கணக்குப் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. பார்க்கத் தேவையே இல்லை. வழியில் நான்கு வேகத்தடை இருந்தால் வண்டி தானாக வேறு ரோட்டில் திரும்பிவிடும். ஸெவாலின் என்ற அண்ணன் மருந்தும் (2002) இதே ரோட்டில்தான் தள்ளாடியது.

மார்க்கெட் பக்தர்களே, உங்கள் சாமி இங்கே என்ன பண்ணியது? நோயாளிக்குத் தேவை இருந்தது. சரக்கு இருந்தது. அனுமதி இருந்தது. நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை, அதனால் மருந்து செத்தது.

ஸ்மால் செல்லுக்கு நாளைக்கே ஆக்டினியம் மருந்து ஜெயித்தாலும் இந்த வேகத்தடைகள் அப்படியேதான் இருக்கும். முதலில் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன். அதற்குத் தேவையான கேலியம்-68-க்கு அரை ஆயுள் 68 நிமிடம் (இந்த ஒரு நம்பரை மட்டும் மறக்கவே மாட்டேன்). பிறகு லைசென்ஸ் உள்ள அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், நோயாளியின் சிறுநீரைத் தேக்கிக் கதிர்வீச்சு தணிந்த பிறகு வெளியே விடும் தொட்டி. இதெல்லாம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் மனிதரைச் சென்னைக்கோ வேலூருக்கோ ஏற்றிக்கொண்டு போகும் செலவை எந்தப் பேலன்ஸ் ஷீட்டில் எழுதுவது?

இதில் ஆக்டினியம் கதை தனிக்காமெடி. நிறைய வருடங்களாக உலகம் முழுக்க ஒரு வருடத்துக்குக் கிடைத்த ஆக்டினியம்-225 சுமார் 63 கிகாபெக்கரல் என்கிறார்கள். அது எவ்வளவு எடை என்று கால்குலேட்டரில் போட்டேன். ஒரு மில்லிகிராமில் முப்பதில் ஒரு பங்குகூட வரவில்லை. தூள் உப்பில் ஒரு பருக்கையைவிடக் குறைவு! உலகத்துக்கே, ஒரு வருடத்துக்கு. 2024-ல் ரேஸ்பயோ தன் பெரிய சோதனையில் (குடல் கட்டிகளுக்கானது) புது ஆட்களைச் சேர்ப்பதைக் கொஞ்சகாலம் நிறுத்தியது. காரணம், ஆக்டினியம் தட்டுப்பாடு. 410 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கம்பெனியிடம் மருந்தில் போட அணு இல்லை. ஹோட்டலை வாங்கிவிட்டார்கள், அரிசி இல்லை.

அந்த அணு எங்கிருந்து வந்தது? எந்தத் தனியார் கம்பெனியும் கண்டுபிடித்துப் படைக்கவில்லை. அமெரிக்க அரசு பல பத்தாண்டுகளுக்கு முன் தோரியத்திலிருந்து யுரேனியம்-233 செய்து ஓக் ரிட்ஜில் பூட்டிவைத்தது. அது மெல்லச் சிதைந்து தோரியம்-229 ஆகும், அதிலிருந்து ஆக்டினியம் கறக்கலாம், பசு மாதிரி. குப்பை என்று அழிக்கப் போகும் அந்தச் சரக்கிலிருந்து தோரியத்தை முதலில் பிரித்தெடுத்துக்கொள்கிற ஏற்பாட்டில் பில் கேட்ஸின் டெராபவர் 2019-ல் சேர்ந்தது. இன்னொரு மூலப்பொருள், பழைய ஆஸ்பத்திரிகளில் புற்றுக்குக் குத்திய ரேடியம் ஊசிகள். அதையும் சர்வதேச அணுசக்தி முகமை 2021-லிருந்து நாடு நாடாகக் கேட்டுச் சேர்த்துத் தருகிறது. சாவிகளும் அப்படித்தான்: லூட்டாதெராவின் சிகிச்சை முறை வளர்ந்தது ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், புளூவிக்டோவின் மூலக்கூறு பிறந்தது ஹைடல்பெர்க்கில். மக்கள் வரிப்பணம் போட்ட முதலுக்கு லாபத்தில் பங்கு எங்கே என்று ஒரு பார்ட்னர்ஷிப் கணக்கில்கூட கேட்போமே, இங்கே ஏன் யாரும் கேட்பதில்லை?

"அரசாங்கம் செஞ்சா உருப்படுமா?" என்பது அடுத்த கேள்வி. எனக்கு அரசு அலுவலகங்கள் மேல் பெரிய காதல் ஒன்றும் இல்லை. ஆனால் ட்ராம்பேயில் துருவா அணு உலையில் பார்க் விஞ்ஞானிகள் லுட்டீசியம் செய்கிறார்கள், அணுசக்தித் துறையின் பிரிட் அமைப்பு வழியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதைக் கொண்டு நம் ஊர் நோயாளிகள் பல வருடங்களாக, அமெரிக்க விலையில் ஒரு சின்னப் பங்கில், இந்தச் சிகிச்சையை எடுக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஆக்டினியம் கொடுத்த அனுபவத்தை 2020-லேயே பிரசுரித்தார்கள். நமக்கு இது அன்னியமான விஷயமே இல்லை.

கல்பாக்கத்தில் காமினி என்று ஒரு குட்டி உலை இருக்கிறது, 1996-ல் ஓட ஆரம்பித்தது, 30 கிலோவாட். அதன் எரிபொருள் என்ன தெரியுமா? யுரேனியம்-233. ஆக்டினியத்தின் தாத்தா நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில்! உடனே துள்ள வேண்டாம். நானும் துள்ளிவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ யுரேனியம்-233-ல் ஒரு வருடத்துக்கு நாலு மில்லிகிராம் சொச்சம்தான் தோரியம்-229 சேரும். அரை ஆயுள் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம் வருடம், அவசரமே படாது. ஆகவே கல்பாக்கத்தில் புதையல் இருக்கிறது என்று யாரும் புது ஃபார்வர்டு தயாரிக்க வேண்டாம். நான் சொல்வது, தோரியத்தை நம்பி மூன்று கட்ட அணுத்திட்டம் போட்ட நாடு இது. மின்சாரக் கணக்கு மட்டும் பார்த்து எழுதிய அந்தத் திட்டத்தில் மருந்துக் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்கிறேன். கல்பாக்கத்தின் இன்னொரு உலையில் எலும்புவலிக்கான ஸ்ட்ரான்ஷியம்-89 செய்து காட்டியவர்கள்தானே இவர்கள்.

ஐசோடோப்பை ரேஷன் அரிசி மாதிரி நடத்த வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது சிரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். சேமிக்க முடியாத சரக்கு, தினசரி தேவை, லாபம் பார்த்தால் கடைசி ஊருக்குப் போகாது. பால் அப்படித்தானே? அதற்கு நாம் தனியாரை மட்டும் நம்பியா உட்கார்ந்தோம்? கேன் கேனாக விடியற்காலையில் சேர்த்து, ஊர் ஊராகக் கொண்டுபோகும் அமைப்பைக் கட்டினோம். நஷ்டம் வந்த வருடமும் பால் வந்தது. இதற்கும் விடியற்காலை வண்டி வேண்டும், அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஆயிரம் பேர் நோயாளியாக இருக்கும் புற்றுக்கு முதலில், நாலு பேர் பிழைத்து அதிக நாள் மருந்து வாங்கும் புற்றுக்கு அடுத்து என்று வரிசை போட்டால், பீடி குடித்து ஒரு வருடத்தில் போகிற ஆளின் முறை எப்போது வரும்?

நண்பனிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். "ஏவுகணைய விடு. டாக்டர்கிட்ட ரெண்டு கேளு. டார்லாடமாப் நம்ம ஊர்ல எந்த வழியிலயாவது கிடைக்குமா? ஸ்மால் செல்லுக்கு எங்கயாவது சோதனை நடக்குதா?" மருந்துச் சோதனைகள் எல்லாவற்றையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பது வரை இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து தேடினோம். மூன்று ஊர்களின் பெயரை அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். பெரியப்பாவுக்கு அடுத்த கீமோ புதன்கிழமை.